பழைய ஜீப்பு வண்டியின் பிரேக்குக் குழாய்கள்

பழைய ஜீப்பு வண்டிகளைப் புதுப்பிக்கும் மிராசுதார்கள் வர்ணத்திற்கும் மெத்தைக்கும் காட்டும் சிரத்தையைப் பிரேக்குக் குழாய்களுக்குக் காட்டுவது அரிது. 1941 முதல் 1945 வரை யுத்தத்திற்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பிலும், அதன் வழிவந்த பழைய வண்டிகள் பலவற்றிலும், நான்கு சக்கரங்களுக்கும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே. திரவம் செல்லும் மார்க்கமும் ஒன்றே. ஆகையால் ஓரிடத்தில் குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரங்களும் பிடிப்பை இழக்கும்.

ஏரிக்கரை இறக்கத்தில், விதைநெல் மூட்டைகளுடன் நான் ஏறிச் சென்ற வண்டி ஒன்றிற்கு இவ்வாறே நேர்ந்தது. மிதி அடித்தட்டுவரை சென்றுவிட்டது. கைப்பிரேக்கும் முதல் கியருமே எங்களைக் காத்தன. பின்னர்ச் சோதித்ததில், புதிதாகப் போட்டிருந்த தனிச் செப்புக் குழாய் பிடிப்பின்றித் தொங்கி, ஓயாது அதிர்ந்து, நட்டின் அருகே வெடித்திருக்கக் கண்டோம். செப்பு வளைப்பதற்கு எளிது. ஆயினும் அதிர்ச்சியால் இறுகி வெடிக்கும் இயல்புடையது. இரட்டைச் சுவருள்ள உருக்குக் குழாயையோ, செப்பும் நிக்கலும் கலந்த குழாயையோ வாங்குவதே தக்கது. பின்னது துருப்பிடிப்பதில்லை.

கழற்றிய குழாயை எறிந்துவிடலாகாது; அளவுக்கும் வளைவுக்கும் அதுவே மாதிரி. அது கிடையாதவர் வேலிக்கம்பியை வளைத்து மாதிரி செய்துகொள்ளலாம். குழாய், சட்டத்தின் உட்புறத்தை ஒட்டி, அதன் அடிவிளிம்பிற்கு மேலாகச் செல்லவேண்டும். வரப்பும் கல்லும் தாக்காமலிருக்கவே இவ்விதி. புகைக்குழாயின் அருகே சென்றால், சூட்டில் திரவம் கொதித்து ஆவியாகி, மிதி பஞ்சுபோல் அமுங்கும். சுமார் ஓரடிக்கு ஒரு பிடிப்பு அவசியம். அச்சு மேலும் கீழும் அசைவதால், சட்டத்திற்கும் அச்சிற்கும் இடையில் வளையும் ரப்பர்க்குழாய் இருத்தல் வேண்டும். சுமையேற்றியும், சட்டத்தை ஜாக்கியால் தூக்கி அச்சைத் தொங்கவிட்டும், முன்சக்கரங்களை இருபுறமும் முழுதும் திருப்பியும், அது இழுபடுகிறதா, டயரில் உராய்கிறதா என்று பார்க்கவேண்டும்.

முனையை விரிக்குமுன் நட்டைக் கோத்துவிட வேண்டும். இது நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். நானே மறந்து மூன்று முனைகளை வெட்டியெறிந்திருக்கிறேன். முனையை உள்மடித்து இரட்டையாக விரித்தல் வேண்டும். ஒற்றை விரிப்பு அழுத்தத்தில் பிளந்துவிடும்.

பிரேக்குத் திரவத்திற்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஒருபோதும் வார்க்கலாகாது. ரப்பர் உறுப்புகள் ஊதிக் கெடும். திரவம் ஈரத்தை உறிஞ்சுமாதலால், திறந்த டப்பாவில் மிஞ்சியதை அடுத்த ஆண்டிற்கென்று வைத்திருப்பதும் கூடாது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை வெளியேற்றுக. பிறகு ஒருவர் மிதியைப் பலமாக அழுத்திக்கொண்டிருக்க, மற்றொருவர் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பார்க்கவேண்டும். காகிதம் நனைந்தால் அவ்விணைப்பைக் கழற்றி மீண்டும் செய்தல் வேண்டும். அதுவரை வண்டியைக் கொட்டகையைவிட்டு வெளியே எடுக்கலாகாது.