ஆங்கிலம் வேறு, ஆங்கில இலக்கியம் வேறு

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "பிள்ளை சரளமாக இங்கிலீஷ் பேச வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் பி.ஏ. இங்கிலீஷில் சேர்த்துவிடலாம்." எண்ணம் நல்லதுதான். ஆனால் மொழியைக் கற்பதும் இலக்கியம் படிப்பதும் இங்கே ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் சேர்ந்த பிள்ளைகள் முதலாண்டிலேயே திகைத்துப் போகிறார்கள்.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது எளிதில் புரியும். நஹ்வு, ஸர்ஃப் பாடங்கள் அரபு மொழியின் இலக்கணத்தைக் கற்றுத்தருகின்றன. அதப் பாடமோ அம்மொழியின் கவிதையையும் உரைநடையையும் படித்துணரச் செய்கிறது. இலக்கணம் தேவைப்படுபவர் அதப் வகுப்பில் போய் உட்கார்ந்தால் பயன் குறைவு.

ஆங்கிலமும் அப்படித்தான். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்புக்கு ஆறு பாடங்கள், 600 மதிப்பெண்கள். இதில் பகுதி 2 ஆங்கிலம் எந்த குரூப் எடுத்தாலும் உண்டு. இதைத் தவிர, சில பள்ளிகளில் நான்கு முதன்மைப் பாடங்களுள் ஒன்றாக கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷோ சிறப்புத் தமிழோ இருக்கும். முதலாவது, ஆங்கிலத்தைப் பேசவும் எழுதவும் பழக்குவது. இரண்டாவது, தமிழ் இலக்கிய இலக்கணத்தை ஆழமாகக் கற்பிப்பது. கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலமோ பெரும்பாலும் இலக்கியம்தான். சாஸர், ஷேக்ஸ்பியர், மில்டன் என்று போகும். பேச்சுப் பயிற்சி அதில் சிறு பகுதியே.

எனவே, பெற்றோர்கள் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: பி.ஏ. ஆங்கிலம் படிக்க பிளஸ் ஒன்னில் தனி குரூப் தேவையில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் அதற்கான தரவரிசை பகுதி 2 ஆங்கில மதிப்பெண்ணைக் கொண்டும், பி.ஏ. தமிழுக்கு பகுதி 1 தமிழ் மதிப்பெண்ணைக் கொண்டும் தயாரிக்கப்படுகிறது. பகுதி 1-இல் அரபியோ உருதுவோ எடுக்கும் முன் இதையும் யோசியுங்கள்.

இரண்டு: பிள்ளையின் நாட்டத்தைப் பாருங்கள். ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேளுங்கள். ஆர்வமாக வாதாடினால் இலக்கியம் அந்தப் பிள்ளைக்கு ஏற்றது. "பரீட்சைக்கு எது வரும்?" என்று திருப்பிக் கேட்டால், பிடித்த வேறு குரூப்பில் சேருங்கள். கூடவே தினமும் அரை மணி நேரம் ஆங்கில நாளிதழை வாய்விட்டுப் படிக்கவும், ஒரு பக்கம் எழுதவும் பழக்குங்கள். மொழி அப்படியே கைவரும்.

மூன்று: "பெண் பிள்ளைதானே, இலக்கியம் போதும்" என்று தள்ளிவிடாதீர்கள். அது சுலபமான படிப்பும் அல்ல, மட்டமான படிப்பும் அல்ல. பி.எட். முடித்து டெட் தேர்வில் தேறினால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு வழி உண்டு. எம்.ஏ., பி.எட். முடித்தவர்கள் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். மொழிபெயர்ப்பு, பத்திரிகைத் துறைகளும் இருக்கின்றன. தமிழ் இலக்கியத்துக்கும் இதே மதிப்பு உண்டு. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த கவிக்கோ அப்துல் ரகுமான் 1999-இல் சாகித்ய அகாடமி விருது பெற்றவர்.

படிக்கப் போவது பிள்ளை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் பிள்ளையின் விருப்பத்தை ஒரு முறை உட்கார்ந்து கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மதிப்பெண் பட்டியலுடன் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். கலந்து பேசி முடிவெடுக்கலாம்.