மென்மரப் படிகளுக்குச் சாயமேற்றும் முறை

மச்சு வீடுகளில் மேலே ஏறும் படிகளைத் தேக்கு மரத்தால் செய்வது முன்னாளைய வழக்கம். தேக்கின் விலை பலருக்கு எட்டாததாகிவிட்டமையால், வெளிநாடுகளிலிருந்து துறைமுகங்களில் வந்திறங்கும் பைன் பலகையைக் கொண்டு படி அமைப்போர் இன்று உளர். பைன் மென்மரம்; இழைப்பதற்கு எளிது. எனினும் தேக்கிற்குச் செய்வதுபோல் இதன்மேல் நேரே சாயம் பூசினால் பலகை திட்டுத் திட்டாகிவிடும். ‘மட்டமான சாயம்’ என்று கடைக்காரரைக் குறை கூறுவோம். குற்றம் சாயத்தில் இல்லை.

பைன் பலகையில் வெளிறிய பட்டையும் கருத்த கோடும் மாறி மாறி வருவதைக் காணலாம். பருவத்தின் தொடக்கத்தில் வளர்ந்த வெளிறிய பகுதி நெகிழ்வானது. சாயத்தைத் தாராளமாக உறிஞ்சும். பின்னர் வளர்ந்த கோடு இறுகியது, அவ்வளவாக உறிஞ்சாது. ஆகவே, நிழற்படச் சுருளில் தெரிவதுபோல், வெளிறியது கருத்தும் கருத்தது வெளிறியும் தோன்றும். பலகையின் வெட்டுமுனையோ எல்லாவற்றையும்விட மிகுதியாகக் குடித்துக் கருத்துப்போகும்.

இதற்குப் பரிகாரம், மரத்தின் தாகத்தை முதலில் சிறிது தணித்தலே. முதலில் 80, பின்னர் 120, இறுதியில் 150 எண் உப்புத்தாளால் வரியின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். வெட்டுமுனைகளை மட்டும் 220 எண் வரை தேய்த்தால் அவை குறைவாக உறிஞ்சும். தூசியை நன்கு துடைத்தபின், மெழுகு நீக்கிய அவலரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராமுக்கு மேற்படாமல் கரைத்து, மெல்லிய ஒரு பூச்சுப் பூசுக. பிசின் கசியும் கணுக்களின் மீது இன்னொரு பூச்சும் வேண்டும். ஸ்பிரிட்டு எளிதில் தீப்பற்றும். அருகில் அடுப்போ விளக்கோ கூடாது. சாதாரண அரக்கில் உள்ள மெழுகின்மேல் பாலியூரித்தேன் வார்னிஷ் நன்கு ஒட்டாது என்பதனாலேயே மெழுகு நீக்கியதைக் கேட்டு வாங்கச் சொல்கிறோம்.

அரக்கு உலர்ந்தபின் மெல்லத் தேய்த்து, எண்ணெய்ச் சாயத்தைத் துணியால் பூசிச் சில நிமிடங்களில் மிகுதியைத் துடைத்தெடுக்க வேண்டும். அதே மரத்தின் கழிவுத்துண்டில் முதலில் சோதித்துப் பார்த்தல் இன்றியமையாதது. மிகக் கருத்த நிறத்தை நாம் பரிந்துரைப்பதில்லை. மென்மரம் எளிதில் குழிவிழும். எவ்வளவு கெட்டியான வார்னிஷும் அடியிலுள்ள மரத்தைக் கெட்டியாக்காது. காலடிபட்டுத் தேயுமிடத்தில் வெள்ளை மரம் வெளிப்பட்டு, கருத்த படியில் பளிச்சென்று தெரியும்.

சாயம் முழுவதும் காய்ந்தபின் வார்னிஷ் மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் டப்பாவில் குறித்த காலம் உலர வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் நேரமாகும். வீட்டார் ஏறியிறங்க வேண்டுமாதலால், ஒரு படி விட்டு ஒரு படியாகப் பூசி, அவை உலர்ந்தபின் மற்றவற்றைப் பூசலாம்.

பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம். கண்ணாடிபோல் மின்னும் படியில் முதியோரும் குழந்தைகளும் வழுக்கி விழுவர். இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கையில், படியின் முன்விளிம்பை ஒட்டி இரண்டங்குல அகலத்திற்குச் சலித்த உலர்ந்த நுண்மணலைத் தூவி, காய்ந்ததும் ஒட்டாததைப் பெருக்கிவிட்டு மூன்றாம் பூச்சைப் பூசினால் கால் பிடிப்புடன் நிற்கும். பார்வைக்குச் சற்றுச் சொரசொரப்பாயினும் பாதகமில்லை.

இன்னும் ஒரு ஜாக்கிரதை உண்டு. ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயத்தைத் துடைத்த கந்தல்களைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் காற்றுடன் கூடிச் சூடேறி, பொறி ஏதுமின்றியே தீப்பற்றக்கூடும். ஓலைக்கூரையும் வைக்கோற்போரும் அருகிலுள்ள வீடுகளில் இதை மறத்தலாகாது. கந்தல்களை நீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்தி மூடி வைக்க வேண்டும். அல்லது தனித்தனியே விரித்து, வெட்டவெளியில், முற்றும் விறைத்துக் காயும்வரை உலர்த்த வேண்டும்.