ரமளானும் மாத்திரை வேளையும்

ரமளான் பிறை தென்பட்ட இரவில் நம் வீடுகள் பலவற்றில் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறோம். தராவீஹ் தொழுதுவிட்டு வரும் பெரியவர் மாத்திரை டப்பாவை எடுத்து வைத்துக் கொள்கிறார். காலை மாத்திரை சஹருக்கு, பகல் மாத்திரையும் இரவு மாத்திரையும் நோன்பு திறந்த பிறகு என்று தாமே பங்கு போடுகிறார். யாரையும் கேட்பதில்லை. வேளைதானே மாறுகிறது, மருந்து அதேதானே என்பது அவருடைய எண்ணம்.

இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சில வருஷங்களுக்கு முன் நமது குடும்பத்திலேயே கண்டோம். புதுச்சேரியில் வசிக்கும் உறவினர் ஒருவர், சர்க்கரை வியாதிக்குக் கிளிபென்கிளமைடு என்னும் மாத்திரை சாப்பிட்டு வந்தவர், அதைச் சஹருக்கு மாற்றிக் கொண்டார். அன்று சஹரில் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாய் சோறும் தண்ணீரும்தான். மாத்திரை மட்டும் முழுசாக உள்ளே போயிற்று. அஸருக்கு ஒளூச் செய்யப் போன இடத்தில் உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். "நோன்புக் களைப்பு, இன்னும் இரண்டு மணி நேரம்தானே" என்று சுற்றியிருந்தவர்கள் விசிறினார்கள். மகள் மட்டும் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை 42 இருந்தது. நோன்பை முறித்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். மருத்துவர் அன்றிரவு அவரை வீட்டுக்கு அனுப்ப மறுத்துவிட்டார். அது எவ்வளவு சரி என்பது நள்ளிரவில் மறுபடியும் சர்க்கரை இறங்கியபோது எல்லோருக்கும் விளங்கிற்று.

ஏன் அப்படி? கிளிபென்கிளமைடு கணையத்தைப் பிடித்து உலுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகையைச் சேர்ந்தது. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஒரு தடவை விழுங்கினால் ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் அதன் வேலை நடக்கும்; சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு அதற்கு மேலும் நீளும். ஆகவேதான் நோன்பு நோற்பவருக்கு மருத்துவர்கள் இதை மாற்றி, இதே வகையில் ஆபத்துக் குறைந்த கிளிக்லசைடு போன்ற ஒன்றை எழுதி, பெரும்பகுதியை நோன்பு திறக்கும் வேளைக்கு வைக்கிறார்கள்.

மெட்ஃபார்மின் இதற்கு நேர்மாறானது. அது கணையத்தைத் தொந்தரவு செய்யாமல், ஈரல் இரத்தத்தில் கொட்டும் சர்க்கரையைக் குறைக்கிறது. தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்குவது அரிது. மூன்று வேளை சாப்பிடுபவருக்குப் பகல் பங்கை நோன்பு திறக்கும் வேளையோடு சேர்த்துவிடுவது வழக்கம். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இன்று கடைகளில் விற்கும் மாத்திரைகளில் பல, மெட்ஃபார்மினையும் கிளிமெப்பிரைடு என்னும் உலுக்கும் வகை மருந்தையும் ஒன்றாய்ச் சேர்த்துச் செய்தவை. "நான் மெட்ஃபார்மின்தான் சாப்பிடுகிறேன்" என்று சொல்பவர்கள் அட்டையின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். இன்னொரு வகையான டபாகிளிஃப்ளோசின், சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றுவது. நம் ஊர் வெயிலில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில்லாமல் இருப்பவருக்கு அதனால் உடம்பு வறளக்கூடும். அதையும் நோன்பு திறந்த பிறகே எடுக்கச் சொல்வார்கள்.

இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் சாப்பிடுகிறவர்கள் மேலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வை ஒன்றுதான் அடையாளமாக மிஞ்சும்.

இது ஓரிருவர் வீட்டுச் சங்கதி அன்று. 2001ஆம் ஆண்டு 13 நாடுகளில் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், முதிர்ந்த வயதில் பெரும்பாலும் வரும் இரண்டாம் வகையினரிடையே, சர்க்கரை கடுமையாக இறங்குவது மற்ற மாதங்களைவிட ரமளானில் 7.5 மடங்கு கூடியிருந்தது. இன்சுலினை நம்பியே வாழும் முதல் வகையினருக்கு 4.7 மடங்கு. இவர்களும், சிறுநீரகம் பழுதானவர்களும், அண்மையில் சர்க்கரை இறங்கி மயங்கியவர்களும் நோன்பு நோற்க வேண்டாம் என்பதே மருத்துவர்களின் ஆலோசனை. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தரும் சலுகை இத்தகையவர்களுக்காகவே. பிறகு களாச் செய்ய முடிந்தவர் களாச் செய்யலாம். முடியாதவருக்குப் பித்யா இருக்கிறது. சலுகையை ஏற்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியுமா என்று பலர் கேட்கிறார்கள். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு சபை, பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும், உணவாக அமையாத ஊசிகளும் நோன்பை முறிக்கா என்று முடிவு கூறியது. மாரடைப்பு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும், கரைந்ததை விழுங்காதிருந்தால், அப்படியே. மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்தைப் பற்றி அன்று முடிவு சொல்லாமல் ஒத்தி வைத்தார்கள். அதையும், சொட்டு மருந்துகள் போன்றவற்றையும் தங்கள் மத்ஹபு அறிந்த ஆலிமிடம் கேட்டுக் கொள்ளவும். ஆனால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும், 300க்கு மேல் ஏறினாலும் மஃரிபுக்குக் காத்திருக்கக் கூடாது. இறங்கியிருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, உணவும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சாதாரண தலைவலி மாத்திரையும் ரமளானில் குழப்பம் செய்கிறது. பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் நம் ஊரில் அநேகம். அங்கிருந்து வரும் பெட்டியில் சென்ட் பாட்டிலோடு டோலிப்ரானும் இருக்கும். அது வேறெதுவும் அன்று, நாம் இங்கே வாங்கும் பாராசிட்டமால்தான். அந்த அட்டையில் ஒரு மாத்திரை 1000 மில்லிகிராம், இங்குள்ளது 500 அல்லது 650. பகலில் சாப்பிட முடியவில்லையே என்று நோன்பு திறந்ததும் அதில் ஒன்று, இதில் இரண்டு என்று விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 1000, அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி இடைவெளி, நாள் முழுவதற்கும் 4000. இதற்கு மேல் போனால் ஈரல் கெடும். மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயுள்ளவர்களுக்கும் இந்த அளவே அதிகம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் சாப்பிட்டுவிட்டு நாள் முழுதும் தண்ணீரில்லாமல் இருப்பது சிறுநீரகத்துக்குக் கேடு. எட்டு மணிக்கொரு முறை சாப்பிட வேண்டிய நுண்ணுயிர்க்கொல்லியை இரவுக்குள் திணிக்கவும் முடியாது. ஒரு வேளை மருந்தாக மாற்ற வழி உண்டா என்று மருத்துவரைக் கேட்கலாம்; இல்லையேல் அந்த நாட்களின் நோன்பைப் பிறகு நோற்கலாம். வலிப்பு மருந்தையும், நெடுநாளாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையையும் எக்காரணத்தாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கப் பிறை பார்த்த பிறகு ஓடுவதில் பயனில்லை. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே, அதாவது ரஜப் மாதத்தின் நடுவுக்குள், ஜிப்மரிலோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். பெருநாளன்று எந்த அளவுக்குத் திரும்புவது என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக் கொள்ளவும். ஷவ்வாலில் ஆறு நோன்பு நோற்க எண்ணியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடவும். அந்த ஆறு நாட்களுக்கும் மாத்திரைக் கணக்கு வேறு.