கேட்டால் எண்ணம் வந்துவிடுமா?



பிள்ளையிடம் "செத்துப்போகத் தோன்றுகிறதா" என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தைப் பெற்றோரே ஊட்டியதாக ஆகிவிடாதா என்பது தம்பி ஒருவர் அனுப்பிய கேள்வி. ஆகிவிடும் என்றே திருப்பூர் வட்டாரத்துக் குன்னத்தூர்ப் பெற்றோர் மட்டுமன்றிப் படித்த ஆசிரியர் பலரும் நம்பி வாய்திறவாமல் இருந்துவிடுவதால், விடையை முதலிலேயே சொல்லிவிட வேண்டியுள்ளது: ஆகாது. நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிய வினாக்களைக் கேட்டு நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஆய்வில், கேட்கப்பட்டவர்களிடம் அவ்வெண்ணமோ வேதனையோ கூடவில்லை. முன்பே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேள்வி ஓரளவு ஆறுதலாகவே இருந்தது.

ஒரே நெருக்கடியைப் பெற்றோரும் பிள்ளையும் எவ்வளவு வேறாகக் காண்கின்றனர் என்பதற்கு, ஃபிலடெல்ஃபியாவில் 11 முதல் 17 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் தனித்தனியே வினவி, 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வு சான்றாகும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாகச் சொன்ன பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கவில்லை. இதன் மறுபாதியைத்தான் பலரும் மறந்துவிடுகின்றனர்: தம் பிள்ளைக்கு அவ்வெண்ணம் உண்டு என்று பெற்றோர் கூறிய இடங்களில், ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் அப்படி எதுவும் இல்லை என்று மறுத்திருந்தனர். ஆகவே "எங்களிடம் மறைக்க அவனுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும் தந்தையும், "வீட்டில் யாருக்கும் எதுவும் புரியாது" என்று முடிவுகட்டும் மகனும் ஒருசேரத் தவறுகின்றனர்.

பிள்ளை இப்படி மறுப்பதற்கு வெட்கமும் அச்சமும் காரணமாகலாம். அவற்றினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. தற்கொலை பற்றிப் படிப்போரைச் சமூகவியலறிஞர் துர்கெய்ம் 1897-இல் எழுதிய நூலிலிருந்து தொடங்கச் சொல்வது கல்லூரி வழக்கம். ஆயினும் வீட்டுக்குள் நடப்பதை அறிய விரும்புவோர், உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005-இல் எழுதிய நூலையே முதலில் வாசிக்க வேண்டும். அவர் முன்வைக்கும் சுமையுணர்வு என்னும் கருத்து, அதாவது தான் இருப்பதைவிட இல்லாமற்போவதே குடும்பத்துக்கு நல்லது என்று ஒருவர் தவறாக நம்பிவிடும் நிலை, திருப்பூர் வட்டாரத்துக்கு மிகவும் பொருந்துகிறது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு திரும்பும் தாய், தட்டில் போட்ட சோறு ஆறிக் கிடக்க, மகன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பதைக் கண்டு, "உனக்காகத்தானே சாமி இப்படி ஓடாத் தேயறோம்" என்கிறாள். அவள் சொன்னது அன்பு. மகன் காதில் விழுந்தது கடன் கணக்கு. தான் இல்லாவிட்டால் பள்ளிக் கட்டணமும் இந்த ஓட்டமும் மிச்சம் என்று அவன் கணக்கிடுவதைத் தாய் அறியமாட்டாள்; கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பான். அந்தக் கணக்கு முற்றிலும் பிழையானது. பிள்ளையை இழந்த வீட்டில் எந்தச் சுமையும் இறங்குவதில்லை என்பதை அவனிடம் வெளிப்படையாகச் சொல்லியே ஆகவேண்டும்.

நெருக்கடி வெளிப்பட்ட பின்னர், "சும்மா மிரட்டுறான்", "போன் வாங்கிக் கொடுத்ததுதான் தப்பு" என்று வீட்டாரும், மதிப்பெண் ஒன்றே காரணம் என்று செய்தித்தாளும் முடிவுகட்டுவது கண்டிக்கத்தக்கது. அன்று வீட்டில் நடந்த சண்டை, பல மாதங்களாகச் சேர்ந்த வேதனையின் கடைசிக் கண்ணி மட்டுமே. இதனால் தேர்வுக்குப் பங்கில்லை என்று பொருளில்லை. 1986-இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பு வலியுறுத்தியதை ஒட்டி, தவறியவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனடித் துணைத்தேர்வு எழுதும் முறை தமிழகத்தில் வந்ததும், 2017-இல் அரசுப் பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடப் பட்டியல் கைவிடப்பட்டதும் நல்ல ஏற்பாடுகளே.

கேட்கும் முறையில் சுற்றிவளைப்பு கூடாது. உறவினர் சூழ்ந்திருக்கும்போது கேட்காமல் தனியே அமர்ந்து, "கண்ணு, செத்துப்போயிரலாம்னு நெனப்பு வருதா?" என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருந்து, வந்தபின் திட்டாமலும் அறிவுரை கூறாமலும் சத்தியம் வாங்காமலும் இருப்பதே முறை. ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் தோட்டத்துப் பூச்சிமருந்தையும் அவன் கைக்கு எட்டாதவாறு பூட்டிவைத்து, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி மூடிமறைப்பதற்கும் இடமில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையளிப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது.

இக்கடிதத்தை வாசிக்கும் பிள்ளைக்கே அவ்வெண்ணம் இருக்குமானால், பெற்றோரிடம் சொல்ல நா எழாவிட்டாலும் அத்தையிடமோ ஆசிரியரிடமோ இன்றே சொல்லிவிட வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாத பெற்றோரும் அதே எண்ணை அழைக்கலாம்.