கல்லெழுத்தும் இருட்டறையும்

கல்மேல் எழுத்து என்று அழியாமைக்கு உவமை கூறுவது நம் மரபு. ஆயின் கல்லெழுத்தும் அழியக் கூடியதே. கடலோர ஊர்களின் பழைய மையவாடிகளுக்குச் சென்று பார்ப்போர்க்கு இது புலனாகும். அரபு எழுத்திலும் தமிழ் எழுத்திலும் பொறிக்கப்பெற்ற மீசான் கற்கள் உப்புக்காற்றில் பொரிந்து உதிர்கின்றன. சுண்ணாம்புப் பூச்சு ஆண்டுதோறும் ஏறி, எழுத்தின் பள்ளங்களைத் தூர்த்துவிடுகிறது. கல்வெட்டியல் பயிலும் மாணவர் மைப்படி எடுக்கும் முறையை அறிவர். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்து மை ஒற்றும் அம்முறை உறுதியான கருங்கல்லுக்கு ஏற்றது. பொரிந்த கல்லில் அவ்வாறு அடித்தால் தாளோடு எழுத்தும் வந்துவிடும். அத்தகைய கற்களைத் தொடாமலே படியெடுக்கப் பெரிய அளவு ஃபிலிம் புகைப்படமுறை துணைசெய்யும். தாம்பரம் போன்ற புறநகர் வீடொன்றின் குளியலறையிலேயே இதனைத் தொடங்கலாம் என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை முற்படுகிறது.

உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டென்பதைச் சமுதாயப் பெரியோர்கள் அறிவார்கள். ஈண்டுப் பேசப்படுவன கல்லும் எழுத்துமே.

இருண்ட வீடு

பஸராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து, கெய்ரோவில் ஏறத்தாழ 1040இல் மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் பெருநூலை இயற்றியவர். கிரகண காலத்துச் சூரியனின் பிறைவடிவம் சிறு துளை வழியே எவ்வாறு விழுகிறது என்பதையும் தனி நூலொன்றில் ஆராய்ந்தவர். துளையிட்ட இருட்டறையை அரபியில் 'அல்பைத்துல் முள்லிம்' என்பர். இருண்ட வீடு என்பது பொருள். இலத்தீன் மொழியில் அதுவே 'கேமரா அப்ஸ்க்யூரா' ஆயிற்று. கேமரா என்றாலே அறைதான். இன்று கைக்குள் அடங்கும் கருவிக்கு அப்பெயர் பொருந்துவதாகத் தோன்றாது. ஆனால் மரச்சட்டமும் துருத்தியும் உடைய பழைய கேமராவின் பின்னே கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு நிற்பவர், உண்மையாகவே ஓர் இருண்ட வீட்டிற்குள் நிற்கிறார்.

தஞ்சையில் டிரைப்

தமிழ்க் கல்வெட்டுக்கும் பெரிய கேமராவுக்கும் உள்ள உறவு பழையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த லினேயஸ் டிரைப், மாகாண அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பெற்று, 1857ஆம் ஆண்டின் இறுதி முதல் 1858 வரை திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை முதலிய இடங்களுக்குச் சென்றார். மெழுகேற்றிய தாள்களை அவர் நெகட்டிவாகப் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை இணைத்துச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். டிரைப்பிற்கு அவ்வெழுத்துகளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. எழுத்தை விடாமல் எடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அக்கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதி 1891 முதல்தான் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கியது. இதற்கிடையே 1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன், செலவைக் காரணம் காட்டி டிரைப்பின் பணியை நிறுத்திவிட்டார். சிக்கனம் எப்போதும் முதலில் கைவைப்பது இத்தகைய பணிகளில்தான் போலும்!

கைபேசியில் எடுத்தால் போதாதா என்று மாணவர் வினவலாம். முதலில் கைபேசியிலும் எடுத்துக்கொள்க. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஃபிலிமைப் படிக்கக் கருவி வேண்டா. வெளிச்சத்தில் பிடித்தால் போதும். டிரைப் எடுத்த படங்களை 160 ஆண்டுகளுக்குப் பின்னும் காண முடிகிறது. எண்முறைக் கோப்புகளுக்கு அத்தகைய வயது இன்னும் ஆகவில்லை.

காட்சி

கண்ணகிக்குக் கல் எடுத்த வரலாற்றை இளங்கோவடிகள் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை என வகுத்தார். கல்லைப் படமெடுப்பார்க்கும் முதல் மூன்று நிலைகள் அவ்வரிசையிலேயே அமைகின்றன.

பயிற்சிக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கடற்கரை–தாம்பரம் மின்தொடர் வண்டியில் ஏறித் திரிசூலத்தில் இறங்கினால் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. பல்லாவரத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை இன்று தர்காவாக விளங்குகிறது. அம்மன்னனின் பட்டப்பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. எங்காயினும் பொறுப்பிலுள்ளோரிடம் முன்னரே இசைவு பெறுதல் வேண்டும். எழுத்தின்மேல் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் எண்ணெய் தடவுவதும் கூடா. காலை இளவெயில் கல்லின் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வேளையில் ஒவ்வோர் எழுத்தின் பள்ளமும் நிழல் கொள்ளும். கல் நிழலில் இருப்பின் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றினால் வெயிலைத் திருப்பிப் பக்கவாட்டில் பாய்ச்சலாம்.

கால்கோள்

கால்கோள் என்றால் தொடக்கம். முக்காலியை நிறுத்துவதே இங்குத் தொடக்கம் என்பதால், அச்சொல் இருவகையிலும் பொருந்துகிறது. ஆலப்புழையில் கருணாகரன் என்பார் 1940களில் தேக்கும் பித்தளையும் கொண்டு உருவாக்கத் தொடங்கிய 'வாகீசுவரி' கேமராக்கள் நாடெங்கும் ஸ்டுடியோக்களில் பயன்பட்டன. பழைய ஸ்டுடியோக்காரர்களிடம் இவ்வகைக் கேமரா ஒன்று பரணில் கிடக்கக் கூடும். அரைத்தட்டு எனப்படும் 4¾ × 6½ அங்குல அளவு தொடக்கநிலைக்குப் போதுமானது. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமின் பரப்பைப் போல் அஃது ஏறத்தாழ 23 மடங்கு. வாங்குமுன் துருத்தியின் உள்ளே விளக்கை வைத்து, இருட்டில் வெளியே ஒளி கசிகிறதா என்று பார்த்துவிடுக.

பின்புறத் தேய்த்த கண்ணாடியில் உருவம் தலைகீழாக விழும். தலைகீழ் எழுத்தைக் கூர்ந்து நோக்கும்போது, நேராகப் படிக்கையில் கண் தாண்டிச் சென்ற புள்ளியும் சுழியும் தென்படுவது என் அனுபவம். கேமராவின் பின்சட்டம் கல்லுக்கு இணையாக நிற்க வேண்டும்; இல்லையேல் வரிகள் சாய்ந்து குறுகும். கல்லை நெருங்க நெருங்கத் துருத்தி நீளும், ஒளி குன்றும். 210 மி.மீ. லென்ஸுக்குத் துருத்தி 252 மி.மீ. நீண்டால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம் ஒளி தர வேண்டும். பழைய லென்ஸ்களில் ஷட்டர் இராது. மூடியைக் கையால் கழற்றி மூட ஒரு நொடியேனும் ஆகுமாதலால் லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டும்.

ஃபிலிமுக்கு எங்கே போவது? 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய உதகை இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டுத் தாள் ஃபிலிமின் விலை மாணவர் கைக்கு எட்டாது. எனவே 8 × 10 அங்குல எக்ஸ்ரே ஃபிலிமை நாடலாம். மருத்துவமனைகள் எண்முறைக்கு மாறிவருவதால் இதுவும் அருகி வருகிறது. பச்சை ஒளியை உணரும் வகையே நல்லது. ஒரு தாளிலிருந்து இரண்டு அரைத்தட்டுத் துண்டுகள் கிடைக்கும். சட்டத்தில் செருகுவதற்கு ஏற்ப ஒவ்வொரு புறமும் ஒரு மில்லிமீட்டர் குறைத்து வெட்டுக. ஒளியுணர்வை ஏ.எஸ்.ஏ. 80 எனக் கொண்டு தொடங்கலாம். இதற்குச் சிவப்பு தெரியாது. ஆகவே வெள்ளைப் பூச்சில் சிவப்பு வண்ணத்தால் எழுதிய எழுத்துகள் கரியனவாகப் பளிச்சிடும். பச்சை வண்ண எழுத்துகளோ வெளிறிவிடும்.

நீர்ப்படை

சிவப்பு விளக்கிலேயே வெட்டிக் கழுவ முடிவது எக்ஸ்ரே ஃபிலிமின் பெரும் நன்மை. விளக்கு தீங்கற்றதா என்பதைச் சோதிக்க, ஒரு துண்டின்மேல் நாணயத்தை ஐந்து நிமிடம் வைத்துப் பின் கழுவுக. நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அவ்விளக்கு உதவாது. இஷா தொழுகைக்குப் பின் குளியலறைச் சன்னலைக் கறுப்புத் தாளால் அடைத்து, கதவின் அடியில் துண்டைச் செருகிவிட்டால் இருட்டறை அமைந்துவிடும். டெவலப்பர், வெறும் நீர், ஹைப்போக் கரைசல் என மூன்று தட்டுகள் வேண்டும். இவை சமையலறைப் பக்கமே போகலாகாது. கையுறை இன்றியமையாதது. இருபுறமும் பூச்சுள்ள ஃபிலிமாதலால் தட்டின் அடியில் வழவழப்பான கண்ணாடி இட்டு, ஒவ்வொன்றாகவே கழுவ வேண்டும். டி-76 டெவலப்பரைச் சமபங்கு நீர் சேர்த்துப் பயன்படுத்தினால் கருமையும் வெண்மையும் மிகையாகப் பிரியா. எழுத்து மெல்லத் தோன்றி வருவதைக் கண்ணால் பார்த்தே நிறுத்தலாம். ஹைப்போவில் ஃபிலிம் தெளிய எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அதைப்போல் இருமடங்கு நேரம் அதில் கிடக்கட்டும்.

நம் பகுதிக்குரிய இடர் நீர்தான். நூல்கள் 20 பாகை வெப்பத்தைக் கூறுகின்றன. மே மாதத்தில் நம் மேல்நிலைத் தொட்டியின் நீர் 30 பாகைக்கு மேல் நிற்கும். பனிக்கட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி, தட்டுகளைச் சுற்றியுள்ள நீரில் இட்டு, மூன்று தட்டுகளையும் ஒரே அளவாக 24 பாகைக்குக் கொணர்தல் போதும். ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்தால் உப்புத் திட்டுகள் படியும். டெவலப்பருக்கும் இறுதி அலசலுக்கும் கேன் தண்ணீரே தக்கது. ஓடும் நீரில் கழுவுக என்று நூல்கள் சொல்வதைப் பின்பற்ற வேண்டா. நீரை ஆறேழு முறை மாற்றி அலசினாலே உப்பு நீங்கும். 2019ஆம் ஆண்டின் வறட்சியைக் கண்டவர்களுக்கும், ஒளுவின் நீரிலும் சிக்கனம் பழகியவர்களுக்கும் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வெப்பத்தை நான் பொருட்படுத்தாத நாளொன்று உண்டு. கடலோர ஊரொன்றின் மையவாடியில் பழைய மீசான் கல் ஒன்றைப் படமெடுத்து வந்து, அன்றிரவே பொறுமையின்றிக் குழாய்நீரில் கழுவினேன். வெப்பமானி 34 காட்டியது. பூச்சு இளகி ஓரங்களில் சுருங்கிற்று. நகம் பட்ட இடத்தில் நான்கு வரிகள் வழிந்து போயின. மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்துவிட்டேன். மூன்று மாதங்கள் கழித்துச் சென்றபோது சுற்றுச்சுவர்ப் பணி முடிந்திருந்தது. அக்கல் சுவரின் அடித்தளத்துக்குள் போயிருந்தது. நன்மை கருதியே செய்தார்கள். அதில் எழுத்து இருந்ததை அவர்களிடம் சொல்லாமல் வந்தது நான்தான்.

நெகட்டிவைத் தாளின்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மேலே விளக்கைச் சில நொடி எரியவிட்டால் அதே அளவில் படி கிடைக்கும். பெரிதாக்கும் கருவி வேண்டா. அவ்வாறு எடுத்த படி ஒன்று துறை அலமாரியில் உள்ளது. அதில் மேலிரண்டு வரிகள் தெளிவாகப் படிக்கின்றன. மூன்றாம் வரியில் ஒரு பெண்ணின் பெயர் தொடங்குகிறது; அதன் முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே எஞ்சியுள்ளன.