ஃபெர்மியும் காணாமல் போன குப்பைத்தொட்டிகளும்

1950 மே 20 தேதியிட்ட ‘நியூயார்க்கர்’ வார இதழில் ஆலன் டன் ஒரு கேலிச்சித்திரம் வரைந்திருந்தார். பறக்கும் தட்டில் வந்த வேற்றுக்கிரகவாசிகள் நியூயார்க் தெருக்களின் குப்பைத்தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவ்வளவுதான் படம். அந்த நாட்களில் நியூயார்க்கில் பொதுக் குப்பைத்தொட்டிகள் திடீர் திடீரென்று காணாமல் போய்க்கொண்டிருந்தன. உள்ளூர்ப் பத்திரிகைகள் அதைப் பெரிதுபடுத்தி எழுதின. பறக்கும் தட்டுச் செய்திகளுக்கும் பஞ்சமில்லை. 1947 ஜூனில் கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி ரெய்னியர் மலைப்பக்கம் ஒன்பது பளபளக்கும் பொருள்களைப் பார்த்ததாகச் சொன்னதிலிருந்து அமெரிக்கா முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. டன் இரண்டு செய்திகளுக்கும் ஒரு முடிச்சுப் போட்டார்.

இந்தப் படம் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் ஒரு மதியச் சாப்பாடு. நியூ மெக்சிகோவில் லாஸ் அலமாஸ் அணு ஆய்வுக்கூடம். இயற்பியலாளர்களான என்ரிக்கோ ஃபெர்மி, எட்வர்ட் டெல்லர், எமில் கோனோபின்ஸ்கி ஆகியோர் ஃபுல்லர் லாட்ஜ் என்ற மரக்கட்டை மாளிகைக்குச் சாப்பிட நடந்துபோகிறார்கள். வழியில் பறக்கும் தட்டுப் பேச்சு எழுகிறது. கோனோபின்ஸ்கி தான் பார்த்த அந்தக் கார்ட்டூனைச் சொல்கிறார். ஃபெர்மிக்கு அது பிடித்துப்போகிறது. தட்டுகள் தென்படுவது, தொட்டிகள் மறைவது ஆகிய இரண்டையும் ஒரே அடியில் விளக்குவதால் அது நல்ல கோட்பாடுதான் என்று அவரும் கிண்டலில் சேர்ந்துகொள்கிறார். பேச்சு வேறு பக்கம் போகிறது. சாப்பாட்டு மேசையில் ஹெர்பர்ட் யார்க்கும் இருக்கிறார். சம்பந்தமில்லாத ஏதோ பேச்சுக்கு நடுவே ஃபெர்மி சட்டென்று, ‘சரி, எல்லாரும் எங்கேதான் போனார்கள்?’ என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறார். யாரைப் பற்றிக் கேட்கிறார் என்பது மற்றவர்களுக்கு உடனே புரிந்துவிடுகிறது. மேசையே சிரிக்கிறது.

இதிலிருந்து கிளம்பியதுதான் ‘ஃபெர்மி முரண்’: வேற்றுக்கிரகவாசிகள் இருந்தால் இதற்குள் வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை என்ற புதிர். யூடியூப் காணொளிகளிலும் பிரபல அறிவியல் புத்தகங்களிலும் இந்தக் கதை கைகால் முளைத்து நடமாடுகிறது. அப்படி அடிக்கடி கேட்கும் மூன்று கூற்றுகளைப் பார்ப்போம்.

“வேற்றுக்கிரகவாசிகள் இல்லை என்று ஃபெர்மி நிரூபித்துவிட்டார்”

இதுதான் மிகப் பெரிய தவறு. நிரூபித்தார் என்றால் எங்கே எழுதினார்? வானியலில் சொல்ல ஒன்று இருந்தால் எழுதத் தயங்கியவரல்ல ஃபெர்மி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவருடைய சகா நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1953இல் இருவரும் சேர்ந்து பால்வீதியின் சுருள் கைகளில் உள்ள காந்தப்புலம் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி ஃபெர்மி ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. 1954 நவம்பரில் 53 வயதில் இறந்துவிட்டார்.

அந்த மதியத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கூட இருந்த மூவரின் நினைவிலிருந்து வந்தது. லாஸ் அலமாஸைச் சேர்ந்த எரிக் ஜோன்ஸ் 1984இல் மூவருக்கும் கடிதம் எழுதிக் கேட்டு, பதில்களை 1985இல் ஆய்வுக்கூட அறிக்கையாக வெளியிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கழிந்த நினைவு. ஃபெர்மியின் கேள்வியை மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். கோனோபின்ஸ்கியின் நினைவில் படத்தில் இருந்தவர்கள் ‘குட்டிப் பச்சை மனிதர்கள்’. அக்கால நியூயார்க்கரின் உள்பக்கக் கேலிச்சித்திரங்களோ கறுப்பு மையில் மட்டும் அச்சானவை. பச்சை நிறம் ஊர்ப்பேச்சிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஃபெர்மியின் ‘நிரூபணமும்’ அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அப்படியானால் ஃபெர்மி என்னதான் சொன்னார்? யார்க்கின் நினைவுப்படி, பூமி போன்ற கோள்கள் எத்தனை இருக்கும், அவற்றில் உயிர் தோன்ற வாய்ப்பு எவ்வளவு என்று ஃபெர்மி தன் பாணியில் மனக்கணக்குப் போட்டார். அந்தக் கணக்கின்படி அவர்கள் எப்போதோ, பல தடவை வந்திருக்க வேண்டும். வராததற்கு அவர் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள்: விண்மீன் விட்டு விண்மீன் போவது முடியாத காரியமாக இருக்கலாம்; முடிந்தாலும் அந்தப் பாடுபடத் தேவையில்லை என்று விட்டிருக்கலாம்; அல்லது தொழில்நுட்ப நாகரிகம் அவ்வளவு நாள் நீடிக்காமல் போயிருக்கலாம். அவர்கள் இல்லவே இல்லை என்பது இந்தப் பட்டியலில் கிடையாது. ஃபெர்மியின் சந்தேகமெல்லாம் பயணத்தின் மேல்தான்.

அதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. நடந்துபோகும்போது ஃபெர்மி டெல்லரிடம், இன்னும் பத்து வருஷத்தில் ஒளியை விட வேகமாகப் போகும் பொருளுக்கு ஆதாரம் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார். பத்து லட்சத்தில் ஒன்று என்றார் டெல்லர். ரொம்பக் குறைவு, பத்து சதவீதம் இருக்கும் என்றார் ஃபெர்மி. அவர் மனம் எதைச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டாம். (பத்து வருஷமல்ல, எழுபது வருஷத்துக்கு மேலாகியும் அப்படிப்பட்ட பொருள் கிடைக்கவில்லை. மேதையும் தப்புக் கணக்குப் போடலாம்.)

அந்தப் பேச்சிலிருந்து பெரிதாக எதுவும் தேறவில்லை என்பது டெல்லரின் அபிப்பிராயம். தூரம் மிகப் பெரியது, பால்வீதியில் நாம் நடு நகரத்தை விட்டு எங்கோ பட்டிக்காட்டில் கிடக்கிறோம் என்ற அளவில் அது முடிந்ததாம்.

“முரண் ஃபெர்மியுடையது”

பெயர் மட்டும்தான் அவருடையது. பூமியில் அவர்கள் இல்லை, ஆகவே பால்வீதியில் எங்குமே இல்லை என்ற வாதத்தை 1975இல் கட்டுரையாக எழுதியவர் மைக்கேல் ஹார்ட். 1980இல் ஃப்ராங்க் டிப்ளர் அதை இன்னும் கடுமையாக்கினார்: தன்னைத் தானே நகலெடுக்கும் இயந்திரங்களை அனுப்பினால் பால்வீதி முழுவதையும் நிரப்பிவிடலாம், அப்படி யாரும் செய்யவில்லை, ஆகவே யாருமில்லை. ‘ஃபெர்மி முரண்’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததும் எழுபதுகளில்தான். 2015இல் ராபர்ட் கிரே இதையெல்லாம் ஆராய்ந்து, அது ஃபெர்மியுடையதும் அல்ல, முரணும் அல்ல என்று எழுதினார். அவர் சொன்னது சரி என்பதே என் கருத்து. ஒருவர் நம் வீட்டுக்கு வரவில்லை என்பதற்கும் அவர் உலகத்திலேயே இல்லை என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது.

இந்த இடைவெளியை அளந்தும் பார்க்கலாம். சூரியனுக்கு அடுத்த விண்மீனான பிராக்சிமா 4.2 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாயேஜர் 1 விண்கலம் அந்தத் திசையில் போவதாக வைத்துக்கொண்டாலும், அங்கே சேர 70,000 ஆண்டுகளுக்கு மேலாகும். பால்வீதியின் குறுக்களவோ சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு.

“இத்தனை வருஷம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லையே”

தேடியது கொஞ்சம். வானொலி அலைகளில் தேடும் வேலை 1960இல் ஃப்ராங்க் ட்ரேக்கின் ஓஸ்மா திட்டத்தோடு தொடங்கியது. அவர் காதுகொடுத்தது இரண்டே விண்மீன்களுக்கு. கடல்களின் மொத்த நீரோடு ஒப்பிட்டால் ஐம்பது வருஷத் தேடல் ஒரு டம்ளர் தண்ணீர்தான் என்று இத்துறையில் வாழ்நாளெல்லாம் உழைத்த ஜில் டார்ட்டர் 2010இல் கணக்குச் சொன்னார். டம்ளரில் மீன் இல்லை என்பதால் கடலில் மீனே இல்லை என்று ஆகிவிடாது.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்று ஒதுக்க முடியாது. ‘அவர்கள் இல்லை’ என்ற வாதத்தையும் சுட்டிக்காட்டித்தான் 1981இல் அமெரிக்க செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மைர் நாசாவின் தேடலுக்கான பணத்தை நிறுத்தினார். வானியலாளர் கார்ல் சேகன் நேரில் பேசி அவர் மனத்தை மாற்றினார். 1993இல் இன்னொரு செனட்டர் ரிச்சர்ட் பிரையன் முயற்சியால் நிதி மறுபடி நின்றது. பிறகு இந்தத் தேடல் பெரும்பாலும் தனியார் பணத்தில்தான் ஓடுகிறது. ஃபெர்மி பயணத்தைச் சந்தேகித்தார் என்று எடுத்துக்கொண்டால், வரமுடியாதவர்களின் அலையையாவது கேட்போம் என்று தேடலுக்கு ஆதரவாகத்தான் அது நிற்கும். ஹார்ட்டின் வாதம் ஃபெர்மியின் பெயரில் போனதால் தேடலுக்கு எதிராக ஒரு நோபல்காரரின் கையெழுத்து விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த தடவை யாராவது ‘ஃபெர்மியே நிரூபித்துவிட்டார்’ என்று ஆரம்பித்தால், எந்தக் கட்டுரையில் என்று கேளுங்கள். அப்படி ஒன்று கிடையாது.