கால் புண்ணுக்கு வாங்கிய மாத்திரை நீர்க்கடுப்புக்கு ஆகுமா?

கணவன், மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஒருவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மற்றவர் படித்துச் சொல்லுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்தில் கர்ப்பிணித் தாய்மார்களைப் பார்க்க வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் ஐந்து மாதக் கர்ப்பிணிப் பெண் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாள். காய்ச்சல், வாந்தி, விலாப் பக்கம் வலி. நாலு நாளாக நீர் பிரியும்போது எரிச்சலாம். நர்சம்மாவிடம் சொல்ல வெட்கம். கணவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவரும் சும்மா இருக்கவில்லை. "போன மாசம் என் கால் புண்ணு இந்த மாத்திரையிலதான் சார் ஆறிச்சு. மிச்சம் கிடந்துச்சு, அதைத்தான் வேளைக்கு ஒண்ணா குடுத்தேன்" என்றார்.

பிரியத்தினால் செய்த காரியம்தான். ஆனால் நோய் சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. கர்ப்ப காலத்தில் இப்படி ஏறினால் குறைமாதப் பிரசவம்கூட ஆகலாம். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது.

அப்படியானால் மாத்திரை போலியா? இல்லை, நல்ல மாத்திரைதான். அது குளோக்சாசிலின். 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பூஞ்சணத்திலிருந்து கண்டுபிடித்த பென்சிலினுக்குச் சொந்தக்கார மருந்து. நோய் தரும் பாக்டீரியாக் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு மதில் போல ஒரு சுவர் உண்டு. கிருமி வளர வளர அந்தச் சுவரையும் கட்டிக்கொண்டே போக வேண்டும். பென்சிலின் வகை மருந்து அந்தக் கொத்து வேலையை நிறுத்திவிடும். சுவர் பலவீனப்பட்டு, கிருமி உப்பி வெடித்துச் சாகும். நம் உடம்பின் செல்லுக்கு அந்தச் சுவர் கிடையாது; ஆகவே அந்த அடி நமக்கு விழுவதில்லை. வேறு ஆன்டிபயாடிக்குகள் வேறு இடத்தில் கை வைக்கும். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்றவை கிருமி புரதம் செய்வதைத் தடுக்கும்.

ஜலதோஷம் உண்டாக்கும் வைரஸுக்கோ இந்தச் சுவரும் இல்லை, புரதம் செய்யும் சொந்தப் பட்டறையும் இல்லை. மருந்து எதைப் போய் அடிக்கும்? குழந்தைக்கு மூக்கு ஒழுகியதும் "பவர் மாத்திரை" கேட்டு மருந்துக் கடைக்கு ஓடுவது வீண் செலவு. சாதாரண வயிற்றுப்போக்குக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும்தான் முதல் மருந்து. மலத்தில் ரத்தம் போனால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி அந்தக் கால் புண்ணுக்கு வருவோம். புண்ணில் சீழ் வைப்பது பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி. அதற்குக் குளோக்சாசிலின் கேட்கும். நீர்த்தாரையில் தொல்லை செய்வது பெரும்பாலும் ஈ கோலை என்ற குடல் கிருமி. அதற்குச் சுவருக்கு வெளியே இன்னொரு படலம் இருக்கிறது. குளோக்சாசிலின் அதைத் தாண்டி வேலை செய்யாது. நாலு நாள் மாத்திரை விழுங்கியும் கிருமி பாட்டுக்குப் பெருகியது இதனால்தான்.

டாக்டர் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கிருமி, உடம்பில் எந்த இடம், யாருடைய உடம்பு என்று மூன்றையும் பார்க்கிறார். சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று இரண்டு, மூன்று நாளில் தெரிந்துவிடும். "யாருடைய உடம்பு" என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாள் தள்ளியிருந்தாலே சொல்லுங்கள். பால் கொடுப்பதைச் சொல்லுங்கள். முன்பு ஏதாவது மாத்திரையில் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் அவசியம் சொல்லுங்கள். டெட்ராசைக்ளின் கர்ப்பிணி சாப்பிட்டால் பிறக்கும் பிள்ளையின் பாற்பல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறைபடலாம்.

அந்தக் கணவரிடம் மாத்திரை மிச்சம் இருந்ததே எப்படி? புண் காய்ந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். சீட்டில் எழுதிய நாள் வரை சாப்பிட வேண்டும். தேவையில்லாமலும், அரைகுறையாகவும் சாப்பிடச் சாப்பிட மருந்துக்கு அசையாத கிருமிகள் தங்கிப் பெருகும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு சங்கதி. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும் ஓர் ஆன்டிபயாடிக்தான். அதைச் சாப்பிடும் பெண்ணுக்கு மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரையின் பலன் குறைந்துவிடும். அதற்காகக் காசநோய் மருந்தை நிறுத்தக் கூடாது. கருத்தடை முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், அதை இந்த மருந்து பாதிக்காது. அதுவரை கணவர் நிரோத் உபயோகிக்கட்டும். கிராம சுகாதார செவிலியரிடம் இருவருமாகப் போய்க் கேளுங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.